உடம்பைப் பாருங்கள், பிறகு இறகை: வண்ணத்துப்பூச்சி கேள்வி பதில்

கேள்வி (திருநகர்): கறுப்பு இறகில் சிவப்புப் புள்ளிகள் உள்ள பெரிய பூச்சி எங்கள் கறிவேப்பிலையில் முட்டையிட்டது. கிரிம்சன் ரோஸ் என்ற வண்ணத்துப்பூச்சி என்கிறார்கள். சரியா அக்கா?

பதில்: இல்லைங்க. கறிவேப்பிலை என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. ரோஸ் வகைகள் ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி போன்ற கொடிகளில்தான் முட்டையிடும். உங்கள் வீட்டுக்கு வந்தது காமன் மார்மன் பெண். ஆண் ஒரே மாதிரிதான்: கறுப்பு, பின்னிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கோ மூன்று தோற்றங்கள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று காமன் ரோஸைப் போல, பின்னிறகின் நடுவே வெள்ளைத் திட்டு. உங்களுடையது மூன்றாவது, முன்னிறகில் கிரிம்சன் ரோஸின் வெள்ளைப் பட்டைகள். ரோஸ்களின் உடம்பில் அந்தக் கொடியின் நஞ்சு இருப்பதால் பறவைகள் தொடாது. நஞ்சில்லாத மார்மன் அந்த வேடத்தில் தப்பிக்கிறது. இறகில் இவ்வளவு ஒற்றுமை இருந்தாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். ரோஸுக்குத் தலையும் வயிறும் சிவப்பு, மார்மனுக்குக் கறுப்பு. தயவுசெய்து அந்தப் புழுக்களுக்கு மருந்தடிக்காதீர்கள். கறிவேப்பிலை மறுபடி துளிர்த்துவிடும்.

கேள்வி (நாகமலை): எருக்கஞ்செடிப் பக்கம் திரியும் வெந்தய வரியனுக்கும் அதேபோல் இருக்கும் டனைட் எக்ஃப்ளை பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: பின்னிறகில் கறுப்புப் புள்ளிகளை எண்ணுங்கள். வெந்தய வரியனுக்கு நடுப்பகுதியில் மூன்று, ஆணாக இருந்தால் நான்கு. எக்ஃப்ளைக்கு மேல் ஓரத்தில் ஒன்றே ஒன்று. இங்கும் அதே கதைதான்: வரியனுக்கு எருக்கம்பாலின் நஞ்சு உண்டு, எக்ஃப்ளைக்கு அது இல்லை. எக்ஃப்ளையின் ஆணைப் பார்த்தால் ஜோடி என்றே நம்பமாட்டீர்கள்! கறுப்பு இறகில் நீலம் மின்னும் பெரிய வெள்ளை வட்டங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): புல்வெளியில் பறக்கும் சின்ன மஞ்சள் பூச்சிகளைப் பிரிக்கவே முடியவில்லை அக்கா.

பதில்: பறக்கும்போது முடியாது தம்பி, உட்காரட்டும். இறகை மூடியதும் முன்னிறகின் அடிப்பக்கத்தில், உடம்பை ஒட்டி நரம்புகள் சூழ்ந்த செல் என்ற பகுதியைப் பார். உள்ளே இரண்டு குறிகள் என்றால் காமன் கிராஸ் யெல்லோ, மூன்று என்றால் த்ரீ ஸ்பாட், ஒன்று என்றால் ஒன் ஸ்பாட். பருவத்துக்கேற்பக் குறிகள் மாறலாம். படம் தெளிவாக இல்லையென்றால் 'கிராஸ் யெல்லோ' என்று மட்டும் குறித்துக்கொள், அது போதும்.

கேள்வி (அழகர்கோவில்): மலையடிவாரத்தில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் நீலக் கோடு போட்ட பூச்சிகள் கொத்தாக மொய்த்தன. நீல வரியனா, கருநீல வரியனா?

பதில்: இரண்டும் சேர்ந்தே வரும், அதனால் ஒன்றைப் பார்த்துக் கூட்டத்துக்கே பெயர் வைக்காதீர்கள். நீல வரியனின் கோடுகள் அகலமாக, வெளிறி இருக்கும். கருநீல வரியனுக்கு மெல்லிய கோடுகள், இருண்ட இறகு. செடியில் மொய்ப்பவை பெரும்பாலும் ஆண்கள். பெண்ணைக் கவரும் மணத்துக்கான பொருளைச் செடியிலிருந்து உறிஞ்சுகின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் இவை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குச் சமவெளியை நோக்கி வலசை போகும். அடுத்த முறை பறக்கும் திசையையும் தேதியையும் எழுதி வையுங்கள். படம் எடுத்தால் இறகின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று.