குத்திய ஊசியை மறைக்க வேண்டாம்

கேள்வி: அறுவை சிகிச்சைத் துறையில் முதுநிலைப் பயிற்சி மாணவி நான். மூன்று வாரத்துக்கு முன் வயிற்றைத் தைத்து மூடும்போது இடது ஆள்காட்டி விரலில் ஊசி குத்திவிட்டது. "பேஷன்ட்டுக்கு எச்.ஐ.வி. நெகட்டிவ்தானே, கையுறையை மாத்திட்டு வா" என்றார் சீனியர். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது தூக்கம் வருவதில்லை.

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குத்தியது உங்கள் தவறல்ல. குடல் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று இடது விரலை உள்ளே கொடுத்துத்தான் வயிற்றுச் சுவரின் அடுக்கைத் தைக்கிறோம். ஊசி வெளிவரும் இடத்தில் விரல் இருக்கிறது. நானும் அங்கேதான் குத்திக்கொண்டேன். உள்ளங்கை வியர்வையில் ரத்தம் கரைந்து, கையுறையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது.

ஆனால் உங்கள் சீனியர் சொன்னது அரைகுறை. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தாலும், ஒரு குத்தில் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 3 அளவில்தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் என்றால் நூற்றுக்கு 2-க்கும் கீழே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி நூற்றுக்கு 6 முதல் 30 வரை! எதற்கு அதிகம் பயப்பட வேண்டுமோ அதை நாம் கேட்பதே இல்லை. அந்த நோயாளிக்கு பி, சி இரண்டும் பார்த்தார்களா? கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் போட்டாச்சு என்று நிம்மதியாக இருக்கும் டாக்டர்கள் நிறைய. அப்புறம் ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டைத் தொட்டதா என்று பார்த்தவர்கள் குறைவு. உங்களுக்குப் பார்த்தார்களா?

எச்.ஐ.வி.க்கான தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி-க்கான இம்யூனோகுளோபுலின், அதாவது தயாரான ஆன்டிபாடி ஊசிக்கு, 7 நாள்தான் கெடு. இரண்டும் கடந்துவிட்டன. அதனால்தான் குத்திய அன்றே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்கிறோம். சரி, இப்போதும் ஒன்றும் கைமீறவில்லை. ரத்தம் கொடுங்கள், சம்பவத்தைப் பதிவு செய்யுங்கள். ஹெபடைட்டிஸ் சி-க்கு, வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனையும் கேளுங்கள், ஒருவேளை தொற்றியிருந்தாலும் 8 முதல் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது.

இனி இரட்டைக் கையுறை போடுங்கள். அந்த அடுக்குக்கு மழுங்கிய முனை ஊசி கேளுங்கள். கூர்மையானவற்றைக் கைக்குக் கை கொடுக்காமல் தட்டில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். விரலில் குத்திய ஊசியை மறுபடி வயிற்றுக்குள் விடாதீர்கள். நம் ரத்தத்திலிருந்து நோயாளிக்கும் தொற்றலாம்.

நாளை ரத்தம் கொடுக்கப் போகும்போது அந்தச் சீனியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் விரலில் எத்தனை குத்து விழுந்திருக்குமோ.