டெஸ்ட் கிட் வேண்டாம், இன்ச் டேப் எடுங்கள்

கேள்வி: நான் ஆண், வயது 43. கஷ்டப்பட்டு 11 கிலோ குறைத்தேன். ஒன்றரை வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது, அதுவும் வயிற்றில். என் அக்காவுக்கோ எடை போட்டால் இடுப்பிலும் தொடையிலும்தான் சேர்கிறது. எச்சிலை வைத்துச் செய்யும் எபிஜெனெடிக் டெஸ்ட் எடுத்தால் காரணம் தெரியும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

முதலில் அக்கா விஷயம். நீங்கள் ஆண், அவர் பெண். வித்தியாசத்தில் பெரும்பங்கு பாலின ஹார்மோன்களுடையது. மாதவிடாய் நின்றபின் பல பெண்களுக்கும் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்வது அதனால்தான்.

சரி, எபிஜெனெடிக்ஸ் எங்கே வருகிறது? உடலின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு வேலை செய்யும், எது சும்மா இருக்கும் என்பதில் டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் போன்ற சின்னச் சின்ன ரசாயன அடையாளங்களுக்குப் பங்கு உண்டு. இந்த அடையாளங்களைப் பற்றியதுதான் எபிஜெனெடிக்ஸ். கருவில் இது தலைப்பக்கம், இது இடுப்புப் பக்கம் என்று பிரித்துவைக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள், வயிற்றுக் கொழுப்பில் ஒரு மாதிரியும் தொடைக் கொழுப்பில் வேறு மாதிரியும் இயங்குகின்றன. கொழுப்புச் செல்லாக வளரவிருக்கும் இளம் செல்களை எடுத்து ஆய்வகத் தட்டில் வளர்த்தாலும், தாங்கள் எந்த இடத்தைச் சேர்ந்தவை என்பதை அவை மறப்பதில்லை. ஒரே ஆளின் வயிறும் தொடையுமே இப்படி வேறுபடும்போது, எச்சில் எதைச் சொல்லிவிடப் போகிறது?

இன்னொரு சிக்கலும் உண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தை அலசி 2017-ல் வெளியான பெரிய ஆய்வு, உடல் எடையோடு சேர்ந்து மெத்தில் அளவு மாறும் 187 டிஎன்ஏ இடங்களைக் கண்டது. ஆனால் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை உடல் பருமனின் விளைவு, காரணம் அல்ல. விளம்பரக்காரர்கள் இதைத் தலைகீழாக விற்கிறார்கள்.

உங்கள் 11 கிலோ திரும்பிய கதைக்கு இதில் கொஞ்சம் விளக்கம் இருக்கிறது. 2024-ல் வந்த ஆய்வில், குண்டாக இருந்து இளைத்த எலிகளின் கொழுப்புச் செல்களில் பழைய அடையாளங்கள் அழியாமல் இருந்தன. கொழுப்பு மிகுந்த தீனியை மறுபடி கொடுத்ததும் அவை மற்ற எலிகளைவிட வேகமாகப் பெருத்தன. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கொழுப்புத் திசுவிலும், இரண்டு ஆண்டு கழித்துக்கூட, சில மரபணுக்கள் பழைய போக்கிலேயே இருந்தன. எனவே மன உறுதி இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். எடை குறைந்த பிறகு வரும் ஓரிரு வருடங்களையும் சிகிச்சைக் காலமாகவே வையுங்கள். இரண்டு கிலோ ஏறியதுமே கவனியுங்கள், பத்து கிலோவுக்குக் காத்திருக்காதீர்கள்.

அடையாளங்கள் கல்வெட்டும் அல்ல. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 23 ஆண்களை ஆறு மாதம் உடற்பயிற்சி செய்யவைத்த ஓர் ஆய்வில், அவர்களுடைய கொழுப்புத் திசுவில் ஏழாயிரத்துக்கும் அதிகமான மரபணுக்களில் மெத்தில் அளவு மாறியது. வாரம் மூன்று பயிற்சி வகுப்புக்கு வரச் சொன்னார்கள். சராசரியாக இரண்டுக்கும் குறைவாகத்தான் வந்தார்கள்! வந்த மட்டுக்கும் பலன்.

இப்போது டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டதும் அளவு பாருங்கள். உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். 170 சென்டிமீட்டர் உயரம் என்றால் 85-க்குள். தாண்டினால் மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்தக் கொழுப்பு, ஈரல், ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றாலோ, வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள் தெரிந்தாலோ, அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.