காது கேளாத மகளைச் சிறப்புக் கல்விப் பள்ளியின் விடுதிக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். தொடக்கப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கப்போகும் மகளை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சாதாரண இடைநிலைப்பள்ளியில் சேர்ப்பதா, காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான அரசாங்கப் பள்ளியில் விடுவதா, விடுதியில் விட்டால் அவள் நம்மை விட்டு விலகிவிடுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது, ஏனெனில் அதே பயத்தால் நான் என் மகளின் மூன்று ஆண்டுகளை வீணாக்கியவன்.

முதலில் ஒரு திருத்தம். இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். பார்வையற்ற மாணவர்களுக்கான அரசாங்க இடைநிலைப்பள்ளி கோலாலம்பூரில் செத்தாபாக்கில் இருக்கிறது. காது கேளாதோருக்கானது இங்கே பினாங்கில், தஞ்சோங் பூங்காவில் இருக்கிறது. தேவைகளும் ஏறக்குறைய நேரெதிரானவை. கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியர் பார்வையற்ற பிள்ளைக்கு வேண்டும். சொல்வதையெல்லாம் கண்ணுக்குக் காட்டும் ஆசிரியர் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அவள் சிறுமியாக இருந்தபோது ஓர் ஆலோசகர், கையசைத்துப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று எங்களை எச்சரித்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் அவளை நடந்து போகும் தூரத்திலிருந்த சாதாரணப் பள்ளியில் சேர்த்தேன். அங்கே சைகை தெரிந்த ஆசிரியர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒவ்வோர் அறிக்கை அட்டையிலும் 'அமைதியான, ஒழுக்கமான மாணவி' என்று எழுதியிருந்தார்கள், நானும் அதைப் பெருமையாக உறவினர்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

படிவம் மூன்றில் ஒரு நாள் அவளுடைய அறிவியல் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினேன். அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்து. ஒளிச்சேர்க்கையைப் பற்றிய பாடக்குறிப்பின் நடுவே, 'வகுப்புத் தலைவர் கரும்பலகையை அழிக்கவும்' என்ற மலாய் வாக்கியத்தையும் அதே அழகோடு எழுதி, வரைகோல் வைத்து அடிக்கோடும் இட்டிருந்தாள். கரும்பலகையில் இருந்த அனைத்தையும் அவள் மூன்று ஆண்டுகளாக வரைந்துகொண்டிருந்தாளே தவிர, படிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

படிவம் நான்கில் தஞ்சோங் பூங்காவுக்கு மாற்றினேன். காது கேளாதோருக்கான அந்தப் பள்ளி பினாங்கில் தொடங்கியது 1954இல். தொடக்கத்தில் அங்கும் உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதே கல்வி முறையாக இருந்தது. ஆனால் வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிப் பேசி ஒரு மொழியையே உருவாக்கிவிட்டார்கள். அதைத்தான் இன்று பினாங்குச் சைகைமொழி என்கிறோம். நாடு முழுவதும் வழங்கும் மலேசியச் சைகைமொழியை, காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. வகுப்பறையில் இன்னொரு முறையையும் உங்கள் மகள் காண்பாள்; அது மலாய்ச் சொல்லின் முன்னொட்டு, பின்னொட்டு வரை கையால் காட்டும் கைக்குறி முறை. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இலக்கணத்தோடு மலாய் எழுத அது உதவுகிறது, பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவதோ சைகைமொழியில்தான்.

இனி, விலகிவிடுவாளா என்ற கேள்வி. அங்கே சேர்ந்த இரண்டாம் மாதம், விடுமுறைக்கு வந்தவள் நாங்கள் அதுவரை கண்டிராத வேகத்தில் ஏதோ ஒரு நீண்ட கதையைக் கைகளால் சொன்னாள். சாப்பாடு, குளியல், தூக்கம் என்ற வீட்டுச் சைகைகளுக்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. நானும் மனைவியும் சிரித்துத் தலையாட்டினோம். பாதிக் கதையில் அவள் எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அன்றிரவு நானும் மனைவியும் சாப்பிடவில்லை.

பள்ளி பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கிறது என்று சொல்வோர் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பணிவோடு சொல்வது, எங்கள் வீட்டில் பிரித்தது எங்கள் சோம்பல்தான். அறுவை சிகிச்சை செய்து உள்காதுக் கருவி பொருத்தி நன்றாகப் பேசும் பிள்ளைகளின் பெற்றோர் என்னைத் தவறாக எண்ண வேண்டாம். அது பலன் தந்த வீடுகளை நான் அறிவேன், என் மகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

அந்தப் பள்ளியில் படித்த மூத்தவர் ஒருவரிடம் ஒன்றரை ஆண்டு சனிக்கிழமைதோறும் சென்று சைகை கற்றோம். என் மனைவிக்கு அவர் வைத்த சைகைப் பெயர், மூக்கின் ஓரத்தை விரல் நுனியால் தொடுவது, மூக்குத்திக்காக. மீசையை முறுக்குவது என் பெயர். ஒரு மழை இரவில் மின்சாரம் போனபோது, மகள் கைவிளக்கைத் தேடி எடுத்து அதை எங்கள் முகத்தில் அடிக்காமல் தன் கைகளின்மேல் அடித்தபடி பேசினாள். வெகுநேரம் மூவரும் மாறி மாறி அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு பேசினோம்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அவள் படித்தது மலாயில், அவளுடைய பாட்டிக்குத் தெரிந்ததோ தமிழ் எழுத்து மட்டும். பாட்டி ஆசையாக எழுதிக் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்தை நான்தான் சைகையில் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தை நீங்களே வீட்டில் சொல்லிக் கொடுங்கள். பள்ளியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. மாற்றுத்திறனாளி அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் சமூக நலத்துறையில் உடனே பதியுங்கள். சேர்ப்பதற்கு முன் மகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளியைப் பாருங்கள். பாடம் முடிந்து பிள்ளைகள் சாப்பிட வரும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அங்கே அவள் யார் கைகளைப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள். நீங்கள் இருவரும் சைகை வகுப்பில் சேர்வதை அவள் விடுதிக்குப் போகும் நாள் வரை தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள்.