தொடையெலும்புக்குப் பதில் வைச்ச உலோகம்: எழும்பேக்க வாற நோவு

வணக்கம் தங்கச்சி. எலும்பில வந்த கட்டிக்காக அண்ணையின்ர தொடையெலும்பின் கீழ்ப்பாதியும் மூட்டும் மாத்திப் 12 வருசம், இப்ப கதிரையால எழும்பேக்க தொடை நோகுது, நாலடி நடந்தால் குறையுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். எலும்புக்குள்ள இறக்கின உலோகத் தண்டு இளகினால் இப்பிடித்தான் நோகும். முழங்காலில சத்தமும் ஆட்டமும் மட்டும் எண்டால், பெரும்பாலும் கீலுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் வளையம் தேய்ஞ்சிருக்கும். தண்டைக் கழட்டாமலே அதை மாத்தலாம்.

பழைய எக்ஸ்ரே எல்லாம் தேடி எடுங்கோ. தண்டு இளகினால் அதைச் சுத்தின கறுப்புக் கோடு அகலும்; அப்பிடி அகலுதோ எண்டு பழசையும் புதுசையும் பக்கத்தில வைச்சால்தான் தெரியும். புதுப் படத்தில இடுப்பு தொட்டு முழங்கால் வரை விழவேணும். கட்டி திரும்பினதோ எண்டும் அதில பார்ப்பினம். உலோகத்தின்ர கம்பனி, மொடல், அளவு எழுதின ஒப்பரேசன் குறிப்பு கட்டாயம் வேணும், இல்லாட்டி பொருந்திற பாகம் எடுக்கிறது பெரிய பாடு.

வீக்கம், சூடு, காய்ச்சல் எண்டால் கிளினிக் நாள் பார்க்காமல் அண்டைக்கே கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பாமசியில அன்டிபயோட்டிக் வாங்கிக் குடுக்கவே வேண்டாம்: மூட்டு நீரை ஊசியால எடுக்க முதல் அது உள்ள போனால், சோதனையில கிருமி பிடிபடாமல் போகலாம். வயல் சேத்தில வெடிச்ச பாதத்தாலயும் சொத்தைப் பல்லாலயும், எத்தினை வருசம் கழிச்சும், கிருமி இரத்தத்தில ஏறி உலோகத்தில ஒட்டலாம். குந்துறதும் நெல்லு மூட்டை தூக்கிறதும் இப்பவே நிப்பாட்டச் சொல்லுங்கோ.