தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் காற்றாக வருகிறது, சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 42. இரண்டு மாதங்களுக்கு முன் தைராய்டு கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அன்றிலிருந்து குரல் கம்மி, காற்றாகத்தான் வருகிறது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. 'தானாகச் சரியாகிவிடும்' என்கிறார்கள். எவ்வளவு நாள் காத்திருப்பது டாக்டர்?

பதில்: நரம்பு மீளக் காத்திருக்கலாம். ஆனால் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் காத்திருக்க வேண்டாம். அவற்றை இப்போதே தொடங்குங்கள்.

குரல் நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டை ஒட்டியே செல்கிறது. கட்டியை எடுக்கும்போது அது இழுபடலாம், சூடு படலாம், அரிதாக அறுபடவும் செய்யலாம். அப்போது அந்தப் பக்கத்து நாண் அசையாமல் நின்றுவிடும். இரண்டு நாண்களும் சரியாகச் சேராததால் பேசும்போது காற்று வீணாகிறது, குடிக்கும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் நழுவுகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. உறுதிசெய்ய, காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, நாண்கள் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். சில நிமிட வேலைதான். கூடவே, 'நரம்பு அறுபடாமல் இருந்ததா?' என்று உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீளும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அறுபட்டிருந்தால் தானாகப் பழையபடி ஆவது கடினம்.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. குரல் பயிற்சி நல்ல பலன் தரும். புரை ஏறுவது தொடர்ந்தால், அசையாத நாணில் ஜெல் ஊசி போட்டு அதை நடுவுக்குத் தள்ளலாம். ஜெல் சில மாதங்களில் கரைந்துவிடும் என்பதால், நரம்பு மீண்டாலும் இடைஞ்சல் இல்லை. ஒரு வருடத்துக்குப் பிறகும் நாண் அசையவில்லை என்றால், நிரந்தரமாக நடுவுக்குக் கொண்டுவரும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

தண்ணீரைச் சிறு மடக்குகளாக, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக் குடித்துப் பாருங்கள். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுவெனப் பேசாதீர்கள், அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான்.

மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, மூச்சு திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். இரண்டு நாண்களுமே பாதிக்கப்பட்டிருக்கலாம். காய்ச்சலும் சளியும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், நுரையீரலுக்குள் தண்ணீர் போய்த் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும்.