டொரண்டோவில் டாலியாவை இப்போதே தோண்ட வேண்டாம்

செப்டம்பர் நடுவிலேயே டாலியாக் கிழங்குகளைத் தோண்டிவிட்டு, அதே இடத்தில் டூலிப் நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்குமே இன்னும் நாள் இருக்கிறது. பகல் குறையும் இந்தச் சமயத்தில்தான் டாலியாவின் கிழங்கு நன்றாகப் பருக்கும். வாடிய பூக்களை மட்டும் கிள்ளிக்கொண்டே இருங்கள், புதுப்பூ வரும். கடும் உறைபனியில் இலை கருத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கை அடிபடாமல் எடுத்து, நிழலில் உலர்த்தி, மரத்தூளில் புதைத்து பேஸ்மென்ட்டில் வையுங்கள். 5 முதல் 10 டிகிரி இருந்தால் போதும், உறையக் கூடாது.

டூலிப்பை அக்டோபரில் மண் குளிர்ந்த பிறகு 15 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். அணில்கள் விடாது, அதனால் மேலே கம்பிவலை விரித்துவிடுங்கள். டாஃபடில் என்றால் அவை பொதுவாகத் தொடுவதில்லை.

உண்மையில் அவசரம் உங்கள் மல்லிகைத் தொட்டிதான். வெளியே இருக்கிறது என்றீர்களே! இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும்முன் அதை உள்ளே எடுங்கள். அதற்கு முன் இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். சிலந்திப்பேன் ஒட்டிக்கொண்டு வந்தால் குளிர்காலம் முழுக்க அவதிதான்.