மோரும் தேரும்: வாசகர் கேள்வி பதில்

பக்கத்து வீட்டுச் சேச்சி 'மோரு தருமோ' என்பதைத் திருப்பிப் படிக்கச் சொன்னார், அப்படியே வந்தது! தமிழில் இப்படி உண்டா என்று சீண்டுகிறார். என்ன சொல்வது?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

'தேரு வருதே' என்று சொல்லுங்கள். கல்பாத்தித் தேர் ஓடுகிற ஜில்லாவில் இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? விகடகவி எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் திருஞானசம்பந்தர் சீர்காழியைப் பற்றி ஒரு முழுப் பதிகமே இப்படிப் பாடியிருக்கிறார், அதற்கு மாலைமாற்று என்று பெயர். ஒன்று, எழுத்தைத்தான் திருப்ப வேண்டும். 'மோ'வை ம், ஓ என்று உடைத்தால் ஆட்டம் காலி.

நான் எந்த மூன்று இலக்க எண்ணை நினைத்தாலும் மாமா கடைசியில் 1089 என்கிறார். எப்படி?
- ஏழாம் வகுப்பு மாணவன், செங்கோட்டை

732 என்று வைத்துக்கொள். திருப்பினால் 237, கழித்தால் 495, அதையும் திருப்பி 594ஐக் கூட்டினால் 1089. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் ஒன்றாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இப்படிக் கழித்து வருவது எப்போதும் 99இன் மடங்கு, அதனால் நடுவில் 9, ஓரத்து இரண்டையும் கூட்டினாலும் 9. அப்புறம் விடை எப்படி மாறும்? சரி, மாமாவை மடக்க 433ஐ நினை. கழித்தால் வெறும் 99, திருப்பினாலும் 99, கூட்டினால் 198! அவர் நன்றாக முழித்த பிறகு, 099 என்று எழுதிக் கூட்டச் சொல்.